மவுண்ட் ரோடு பாரம்பரிய நடை: 600 ரூபாய்க்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணா சாலையின் பழைய கட்டடங்களைக் காட்டும் இந்த ஞாயிறு காலை நடைக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அழைத்துப் போனவருக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் நாலரை. மீதிக் குறையெல்லாம் ஏற்பாட்டில். நடத்தும் குழுவின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. சென்னையில் இப்போது இப்படி நடத்துபவர்கள் நிறையப் பேர், என் வருத்தமும் ஒரு குழுவோடு நிற்பதில்லை, மவுண்ட் ரோட்டை எப்படிக் காட்ட வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. தலைக்கு 600 ரூபாய், காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதேகால் வரை, தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலையில் ஆரம்பித்து ஸ்பென்சர் வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர். தண்ணீர் பாட்டிலும் முடிவில் ஒரு காபியும் அதிலேயே அடக்கம்.

மன்றோ சிலையில் தொடங்கியது நல்ல முடிவு. தினமும் அந்த வழியாகப் பேருந்தில் போகிறவர்கள்கூட அந்தக் குதிரையை நின்று பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் நிற்க இடம் கிடையாது, எல்லாப் பக்கமும் வண்டி. ஞாயிறு அதிகாலையில்தான் கிட்டப் போய் அண்ணாந்து பார்க்க முடிகிறது. குதிரைக்குச் சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை, ஆனால் மேலே இருப்பவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பிரான்சிஸ் சாண்ட்ரி என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்த வெண்கலச் சிலை, 1839-இல் இங்கே நிறுவினார்கள். சர் தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர், சுற்றுப்பயணம் போன இடத்தில் காலரா கண்டு இறந்துபோனார். சேணம் இல்லாத கதையை எல்லோரும் சொல்வார்கள், எங்கள் வழிகாட்டி அதோடு நிறுத்தவில்லை. கவர்னராவதற்கு வெகுகாலம் முன்பே இவர் பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், ஊர் ஊராகப் போய் வருவாய்க் கணக்குப் பார்த்தவர் என்றும், ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழுகிறவரிடமே நேராக வரி வசூலிக்கும் ரயத்துவாரி முறை அவரால்தான் இங்கே வேரூன்றியது என்றும் விளக்கினார். கூட வந்திருந்த தருமபுரிக்காரர் ஒருவர் உடனே பட்டா, சிட்டா என்று கேள்வி மேல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு சிலையை வைத்து இவ்வளவு தூரம் பேச்சை இழுத்துப் போக முடிந்ததே, அதற்காகவே அந்த இளைஞருக்கு மதிப்பெண்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவர் முழுக்க ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஓர் அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, நம்ம ஊர்க் கதைதானே, தமிழ்லயே சொல்லுப்பா” என்றார். “சரிங்கம்மா” என்று மாறியவர் அதற்குப் பிறகு வேறு ஆளாகவே ஆகிவிட்டார், கதைகள் சரளமாக வந்தன. ஆங்கிலம் மட்டும் தெரிந்த இரண்டு பேருக்கு அவ்வப்போது சுருக்கமாகச் சொன்னார், அவர்களும் முகம் சுளிக்கவில்லை. முன்பதிவு செய்யும் இடத்திலேயே எந்த மொழி என்று கேட்டுவிட்டால் இந்தச் சங்கடமே வராது. சென்னையின் நடுச் சாலையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குத் தமிழில் சொல்வது ஒரு சலுகையாக இருக்கக் கூடாது, அதுதான் வழக்கமாக இருக்க வேண்டும்.

கூவத்தின் மேல் பெரியார் பாலத்தைத் தாண்டினால் சிம்சன். பெரியார் சிலை இருப்பதால் இந்த இடம் எல்லோருக்கும் தெரியும், போராட்டம், ஊர்வலம் என்று செய்தியில் அடிக்கடி அடிபடும் முனை. ஆனால் சிம்சன் என்ற பெயர் எதிலிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1840-இல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கியது. 1903-இல் இவர்கள் ஒரு நீராவிக் காரையே கட்டி ஓட்டிக் காட்டினார்கள். அதைவிட எனக்குப் பிடித்த கதை டி ஏஞ்சலிஸ் கதை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கார்சிகாக்காரர், ஜாகோமோ டி ஏஞ்சலிஸ், கேக்கும் பலகாரமும் செய்து பிழைத்தவர். இவருக்கு விமானப் பைத்தியம் பிடித்து, தானே வரைந்து, சிம்சன்காரர்களைக் கொண்டு கட்டச் செய்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. வண்டி கட்டும் ஒரு பட்டறையும் கேக் சுடும் ஒரு மனிதரும் ஒரே சாலையில் இருந்ததால் நடந்த காரியம் இது. வழிகாட்டி இதை மிக நன்றாகச் சொன்னார், ஆனால் சிம்சன் வாசலில் நின்றபடி, கேட் பூட்டியிருக்க, பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே போக, கடைசி வரிசையில் நின்ற எங்களுக்குப் பாதி கேட்கவில்லை. இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு மைக் இல்லாமல் மவுண்ட் ரோட்டில் பேசுவது நடக்காத காரியம். இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி எல்லா டியூஷன் வாத்தியாரும் வைத்திருக்கிறார்கள், அதை வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தடுத்து இரண்டு பத்திரிகைக் கட்டடங்கள். தி இந்து இருக்கும் கஸ்தூரி கட்டடம், 1930களின் கடைசியில் பத்திரிகை இங்கே குடிபுகுந்தது, வளைவும் கிடைக்கோடுகளுமாக அந்தக் காலத்து ஆர்ட் டெக்கோ பாணி. பத்திரிகை பிறந்தது 1878, மவுண்ட் ரோட்டுக்கு அது முதலில் வந்தது 1883, வேறொரு கட்டடத்தில். பக்கத்திலேயே ‘மெயில்’ பத்திரிகைக்காக 1920களின் தொடக்கத்தில் எழும்பிய கட்டடம். ‘மெட்ராஸ் மெயில்’ 1868-இல் தொடங்கிய மாலைப் பத்திரிகை, வெள்ளைக்கார வியாபாரிகளின் குரல் என்று பெயர் வாங்கியது, 1981-இல் நின்றுபோனது. பத்திரிகை செத்தாலும் கட்டடம் சுத்தமாக நிற்கிறது. காரணம் என்ன? சிம்சன், மெயில், இன்னும் கொஞ்ச தூரத்தில் வரப்போகும் ஹிக்கின்பாதம்ஸ், அடிசன், எல்லாமே எஸ். அனந்தராமகிருஷ்ணன் கட்டியெழுப்பிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கையில் வந்து சேர்ந்தவை. வாங்கினவர்கள் இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டி வாடகைக்கு விடவில்லை, அந்தந்தக் கட்டடத்தில் ஏதோ ஒரு வேலையை நடத்திக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் மவுண்ட் ரோட்டின் இந்த முனை இன்னும் முகம் மாறாமல் இருக்கிறது. இதை வழிகாட்டி சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டிய வருடம், கட்டிய பாணி, இரண்டு கதை என்று சொன்னாரே தவிர, ஏன் இது நிற்கிறது, ஏன் அது விழுந்தது என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. எனக்கு இந்தச் சாலையில் முக்கியமான கேள்வியே அதுதான்.

எதிர்ப்பக்கம் அரசினர் தோட்டம். இங்கே ஒரே வளாகத்தில் இரண்டு விதமான முடிவுகளையும் பார்க்கலாம். ராஜாஜி மண்டபம் 1802-இல் கட்டி முடித்தது, பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கம்பெனி ஜெயித்ததற்கு நினைவாக விருந்து மண்டபமாக, கவர்னர் எட்வர்ட் கிளைவ் காலத்தில். கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம், நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த அகலமான படிக்கட்டை நீங்கள் தொலைக்காட்சியில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று முதல்வர்களாக இருந்தவர்களின் உடலை மக்கள் அஞ்சலிக்கு வைத்தது அங்கேதான். வெள்ளைக்காரன் வெற்றி கொண்டாடக் கட்டிய மண்டபம், தமிழ்நாடு அழுவதற்கு வந்து நிற்கும் இடமாக ஆகிவிட்டது. ஆனால் அதே தோட்டத்தில் இருந்த பழைய கவர்னர் மாளிகையைப் புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடித்துவிட்டார்கள். வளாகம் 2010-இல் திறந்தது, 2014-இல் மருத்துவமனையானது. மருத்துவமனை நல்ல விஷயம், எத்தனையோ ஏழைகளுக்கு உதவுகிறது. ஆனாலும் மாளிகை போனது போனதுதான். நடையில் இந்த இடத்தை ரோட்டிலிருந்தே கை காட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம், ராஜாஜி மண்டபம் அங்கிருந்து சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. வாலாஜா சாலைப் பக்கம் ஐந்து நிமிடம் சுற்றிப் போயிருக்கலாம்.

அண்ணா சிலை, அதாவது பெரியவர்கள் இன்னும் ரவுண்டானா என்று சொல்லும் முனை. 1968 ஜனவரியில், உலகத் தமிழ் மாநாடு நடந்த சமயம், அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்த சிலை. அடுத்த வருடம் பிப்ரவரியில் அவர் போய்விட்டார், அதன் பிறகே சாலைக்கு அவர் பெயர் வந்தது. இங்கே நின்று சினிமா பேசினோம், பேத்தியோடு வந்த அம்மாவுக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது. சாந்தி, ஆனந்த், சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று அவர் விரல் விட்டு எண்ணினார், வழிகாட்டி நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டார். சாந்தி 1961-இல் வந்தது, 2016-இல் மூடினார்கள். சஃபையர் 1964, ஒரே கட்டடத்தில் மூன்று தியேட்டர் என்பதைப் பார்க்கவே அப்போது வெளியூரிலிருந்து வந்தார்களாம். புளூ டைமண்டில் படம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். இன்று அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை, தேவி மட்டும் பக்கத்தில் நிற்கிறது.

இனிமேல்தான் என் உண்மையான புகார். ஹிக்கின்பாதம்ஸ் வாசலுக்கு வந்தோம். ஷட்டர் இறங்கியிருந்தது, ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு வேறு எப்படி இருக்கும்? 1844-இல் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய கடை, இந்தியாவில் இன்றும் நடந்துகொண்டிருக்கும் புத்தகக் கடைகளில் மிகப் பழையது, இப்போதைய கட்டடம் 1904-இல் எழுந்தது என்பதை வெளியே நின்று கேட்டுக்கொண்டோம். டிக்கெட் இல்லாமல் கப்பலில் ஏறி, பிடிபட்டு, மதராஸ் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு, அதையும் கேட்டோம். அப்படி வந்தவர் பின்னாளில் மதராஸின் ஷெரீஃபாகவும் ஆனார். கதை நல்ல கதைதான். ஆனால் அந்தக் கட்டடத்தின் அருமை வெளிச்சுவரில் இல்லையே.

நான் பிறகு ஒரு வேலை நாள் மதியம் தனியாகப் போய் உள்ளே நுழைந்தேன். வெளியே வெயிலும் பேருந்துப் புகையும், கதவைத் தாண்டினால் தலைக்கு மேல் இரண்டு ஆள் மூன்று ஆள் உயரத்துக்குக் கூரை, காலுக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தரை, பல தலைமுறை நடந்து நடந்து விளிம்பு மழுங்கிய கற்கள். அந்த உயரம் அழகுக்காக மட்டும் கட்டியதல்ல. மின்விசிறி எல்லா இடத்துக்கும் வராத காலத்தில் சூடு மேலே ஏறிப் போகவும், சென்னையின் ஈரக்காற்றில் காகிதம் பூஞ்சை பிடிக்காமல் காற்றோட்டம் இருக்கவும் அப்படித்தான் கட்டியாக வேண்டும். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் போட்டித் தேர்வுப் புத்தக அலமாரி முன்னால் தரையிலேயே உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தான், அவனை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. நான் ஒரு தமிழ்ப் புத்தகமும் பழைய சென்னை வரைபடம் ஒன்றும் வாங்கினேன். 120 வருடத்துக்கு முன்னால் எதற்காகக் கட்டினார்களோ அதே வேலையை இன்றும் செய்யும் கட்டடம் இந்தச் சாலையில் எத்தனை இருக்கிறது? அதற்குள் ஒரு கால் மணி நேரம் நிற்பது, வெளியே நின்று கேட்கும் பத்துக் கதைக்குச் சமம். 600 ரூபாய் கொடுத்து வந்தவர்களை அந்தக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

இதே கதை அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்திலும். அந்த வளாகத்துக்குள் செங்கல் நிறத்தில், முன்பக்கம் வளைவுகளோடு, உயரம் குறைவான ஒரு கட்டடம் இருக்கிறது. இப்போது தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான அலுவலகம். 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் அது, ஊரில் சினிமாவுக்கென்றே நிரந்தரமாக எழுந்த முதல் கட்டடங்களில் ஒன்று. அதற்கு முன் படம் காட்டினால் கூடாரம் அடித்துக் காட்டுவார்கள், அல்லது ஏதாவது ஒரு ஹாலை வாடகைக்குப் பிடிப்பார்கள். அடுத்த வருடமே ரகுபதி வெங்கையா மவுண்ட் ரோட்டை ஒட்டி கெயிட்டி தியேட்டரைக் கட்டினார், இந்தியர் ஒருவர் சொந்தமாகக் கட்டிய முதல் சென்னை தியேட்டர். எலெக்ட்ரிக் இரண்டு மூன்று வருடத்திலேயே படம் காட்டுவதை நிறுத்திவிட்டது, தபால் துறை வாங்கிக்கொண்டது. கெயிட்டி பல பத்தாண்டுகள் ஓடியது, இன்று அடையாளம் இல்லை. சீக்கிரமே தோற்றுப்போன தியேட்டர் தபால்காரர்கள் புண்ணியத்தில் பிழைத்திருக்கிறது, வெற்றிகரமாக ஓடியது மண்ணோடு போய்விட்டது. வேலை நாளில் போனால் கவுன்டரில் தபால்தலை வாங்கிக்கொண்டே உள்ளே சுற்றிப் பார்க்கலாம், கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள், நம் படம் போட்ட தபால்தலைகூட அச்சடித்துத் தருவார்கள். ஞாயிறு? பூட்டு.

பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையில் மட்டும் வெளியிலிருந்து பார்ப்பதிலேயே திருப்தி இருந்தது, மணிக்கூண்டோடு கூடிய அந்த முகப்பு அப்படி. 1849-இல் தொடங்கிய கம்பெனி, கட்டடம் 1870களில், ராபர்ட் சிஷோம் வரைந்தது. கடற்கரையில் செனட் ஹவுஸும் மாநிலக் கல்லூரியும் அவர் கைவண்ணம்தான். மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது பின்பக்கத்துப் பழைய பகுதியை இடித்துவிட்டார்கள், நீதிமன்றம் வரை போயும் காப்பாற்ற முடியவில்லை. இந்தத் தகவலை வழிகாட்டி தயங்காமல் சொன்னார். முகப்பு நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தேவையாகவும் இருந்தது.

அப்புறம் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். இங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கடைக்காரர் கட்டியது, கார்டில் கட்டடம் என்று அப்போது பெயர். வரைந்தவர் ஜே. எச். ஸ்டீஃபன்ஸ். கீழே மருந்துக் கடை, சோடாத் தொழில், மேலே டாக்டர்களுக்கான அறைகள், வாடகைக் குடியிருப்பு. கோபுரம், கூம்பு, வளைவு, மாடம் என்று செங்கல்லில் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்திருக்கிறார்கள். 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது, 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரிய அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது, 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சென்னையில் பழைய கட்டடங்களைப் பற்றிச் சட்டப்படி பேச ஒரு பிடிமானம் கிடைத்தது அந்தத் தீர்ப்பால்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால் விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில், நீதிபதி இ. பத்மநாபன் தலைமையிலான குழு நகரத்தின் நானூறுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டிருந்தது. மவுண்ட் ரோட்டில் அந்தக் காலத்தில் மாடி உயரத்துக்குப் பலகைகள் வரிசையாக நின்று கட்டடங்களையே மறைத்திருந்தது நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, கட்டடம் விழாமல் தப்பியது. அப்புறம்? நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது மேல்மாடச் சுவர் வெடிப்பில் ஓர் அரச மரம் கைப்பிடி கனத்துக்கு வேர் விட்டு இறங்கியிருந்தது, வேர் போன வழியெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. ஒரு ஜன்னலுக்குக் கதவு இல்லை, அதன் வழியே பார்த்தால் உள்ளே கூரைக்குப் பதில் வானம். இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்வது வேறு, உள்ளே ஆள் நடமாடி, காலையில் பெருக்கி, மழைக்கு ஓட்டை அடைத்து, மரம் முளைத்தால் பிடுங்கி எறிவது வேறு. பூட்டிய வீடு எப்படிச் சீக்கிரம் பாழாகுமோ அப்படித்தான் இதுவும். ஹிக்கின்பாதம்ஸும் இதுவும் ஏறக்குறைய ஒரே வயது, ஏழு வருட வித்தியாசம், ஒரே சாலை, ஒரே வெயில், ஒரே மழை. ஒன்றில் பையன் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான், இன்னொன்றில் அரச மரம். அந்த வாசலில் நிற்கும்போதாவது இதை வழிகாட்டி எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கோபுரத்தின் பாணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்.ஐ.சி. கட்டடத்தைப் பற்றி அவர் சொன்னதில் குறையே இல்லை. கருப்பு வெள்ளைப் படங்களில் கிராமத்து ஆள் சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து இந்தக் கட்டடம். 177 அடி உயரம், 1959 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார், அப்போது நாட்டிலேயே உயரமானது. ஆனால் கட்ட ஆரம்பித்தது எல்.ஐ.சி. இல்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் கம்பெனிக்காகத் தொடங்கிய வேலை அது. லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரவுன், மௌலின் வரைந்தார்கள். 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார், இரண்டு வருடத்தில் காப்பீட்டுத் தொழில் அரசுக்குப் போனது, மீதி வேலையை எல்.எம். சிதலே முடித்துக் கொடுத்தார். செட்டியார் 1937-இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தலைமையகமும் இதே சாலையில்தான் இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கம் போய்ச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து வியக்கிற நாம், நகரத்தார் பணமும் துணிச்சலும் நடுச் சென்னையில் எதையெல்லாம் எழுப்பியிருக்கிறது என்று நினைப்பதில்லை. 1975-இல் பெரிய தீவிபத்து, அதையும் தாங்கி நின்று இன்றும் அலுவலகமாக இயங்குகிறது. இதை இன்னும் ‘பாரம்பரியக் கட்டடம்’ என்று நம்மவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை, வெள்ளைக்காரன் கட்டினால்தான் பாரம்பரியமா என்று வழிகாட்டி கேட்டார். முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி நிறுத்தம் ஸ்பென்சர். 1863 வாக்கில் தொடங்கிய கடை, 1890களில் டபிள்யூ. என். போக்சன் வரைந்த பிரம்மாண்டமான கட்டடத்துக்கு மாறியது, ரயில்வே சிற்றுண்டிச் சாலைகள், சோடா, திண்டுக்கல் சுருட்டு என்று அவர்கள் கை வைக்காத தொழில் இல்லை. பின்பக்கம் கன்னிமாரா ஓட்டலும் ஸ்பென்சர் வசம் போனதுதான். அந்தப் பழைய கட்டடம் 1980களின் தொடக்கத்தில் தீயில் போனது. அது நின்ற இடத்தில் இப்போதைய பிளாசா. எங்களை வாசலில் நிறுத்தி, கைபேசியில் பழைய படம் ஒன்றைக் காட்டினார்கள். இருபத்தைந்து பேர் ஒரு கைபேசியை எட்டிப் பார்க்க முடியுமா? நாலு பழைய படங்களை அச்சடித்து லேமினேட் செய்து கையில் கொடுத்தால் ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே அன்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள், அதற்கு ஒன்றும் பெரிய செலவு ஆகாது.

போகலாமா என்று கேட்டால், சென்னைக்குப் புதிதாக வந்தவர்களும், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களும் தாராளமாகப் போகலாம், அந்த வழிகாட்டியின் கதைகளுக்கே காசு சரியாகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், உட்கார இடமே இல்லை, நடைபாதை பல இடங்களில் ஏற்ற இறக்கம், கழிப்பறைக்கு வழியில் எந்த ஏற்பாடும் இல்லை, அந்த அம்மா இதற்காகவே பாதியில் அவஸ்தைப்பட்டார். முன்பதிவுப் பக்கத்தில் இதை ஒரு வரி எழுதியிருக்கலாம்.

என்னைப்போல் கொஞ்சமாவது இந்தச் சாலையைத் தெரிந்தவர்கள் காசு கொடுக்காமல், ஒரு வேலை நாளில், பதினொரு மணிக்கு மேல் நீங்களாகவே போங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி சிம்சன் வரை பின்னால் நடந்து, திரும்பி எதிர்ச்சாரியில் வாருங்கள், எல்.ஐ.சி. மெட்ரோவில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். வெளியே நின்று படம் எடுப்பதோடு விடாதீர்கள். ஹிக்கின்பாதம்ஸில் ஒரு புத்தகம், தபால் நிலையத்தில் நாலு தபால்தலை, கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற வேண்டுமானால் அதையும் இந்தச் சாலையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், பசித்தால் 1951 முதல் இருக்கும் புகாரி இருக்கிறது, சிக்கன் 65 தங்கள் அடுப்பில்தான் பிறந்தது என்று சொல்கிறவர்கள். நாலு பேர் வாங்கினால்தான் அந்தக் கடைகள் நடக்கும், கடை நடந்தால்தான் கட்டடம் நிற்கும்.

நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நடையையாவது சனிக்கிழமை காலை பத்தரைக்கு வையுங்கள். வெயில் இருக்கும், கூட்டம் இருக்கும், உண்மைதான். கூட்டத்தைப் பன்னிரண்டு பேராகக் குறைத்து, கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் உள்ளே நிற்க வையுங்கள். அதற்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் கேட்டாலும் நான் முதல் ஆளாகப் பதிவு செய்வேன்.